கிடேரிக்கு மட்டும் ஓர் ஊசி

மொரப்பூர்ப் பக்கத்து ஊர்களில் சினைமாடு மாதம் நிறைவதற்கு முன்பே கன்றைப் போட்டுவிட்டால், "மாடு கன்ன வீசிருச்சு" என்பார்கள். கால்நடை பராமரிப்புத் துறையின் அறிவிப்புகளிலும் நோயின் பெயர் அதுதான்: கன்று வீச்சு நோய். வீசுதல் என்ற வினையைக் கவனியுங்கள். ஏழு மாதம் சுமந்ததை வேண்டாமென்று எறிந்துவிட்டது போல, மாட்டின் மேலேயே பழியை வைக்கிற சொல் அது. பெண்ணுக்கு நேர்ந்தால் "கரு தங்கல" என்கிறோம். அங்கும் தங்கவைக்கத் தெரியாத வயிறுதான் குற்றவாளி. மருத்துவப் புத்தகத்தில் இந்த நோய் புருசெல்லோசிஸ். டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவரின் பெயரை வைத்து 1920-ல் அந்தக் கிருமிக்குப் புருசெல்லா என்று பெயர் சூட்டினார்கள். ஊர்ப்பெயரில் மாடு இருக்கிறது, புத்தகப் பெயரில் மருத்துவர் இருக்கிறார். நடுராத்திரியில் கட்டுத்தறியில் குந்தி, கையை உள்ளே விட்டு, செத்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் இழுத்துப் போட்டவள் இரண்டிலும் இல்லை.

இந்த நோய்க்கு ஒரு தடுப்பூசி இருக்கிறது. மாட்டுக்கு மட்டும், மாட்டிலும் கிடேரிக் கன்றுக்கு மட்டும். அந்த ஊசி எப்படி வந்தது, வருவதற்கு முன் எந்தெந்த உடல்களில் போட்டுப் பார்த்தார்கள், பார்த்தபோது எதை எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்து வரலாறு படித்தவள். சாணி அள்ளிய கையோடு பள்ளிக்கூடம் போன தலைமுறை எங்களுடையது.

ஒரு தடுப்பூசி வேலை செய்கிறதா என்று விலங்கில் பார்ப்பதற்கு ஒரு வடிவம் உண்டு. பாதிக்கு ஊசி, பாதிக்கு இல்லை. பிறகு எல்லாவற்றுக்கும் நோய்க்கிருமி. எது சாகிறது, எது பிழைக்கிறது என்று எண்ணுவது. இதை ஊரறிய நடத்திக் காட்டியவர் லூயி பாஸ்டர். 1881 மே மாதம், பாரிஸுக்குத் தென்கிழக்கே புயீ-லெ-ஃபோர் என்ற கிராமத்துப் பண்ணையில் 24 செம்மறியாடுகள், ஒரு வெள்ளாடு, 6 மாடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி போட்டார். இன்னொரு பக்கம் ஊசி போடாத 24 செம்மறிகள், ஒரு வெள்ளாடு, 4 மாடுகள். மே 31-ல் அத்தனைக்கும் வீரியமான அடைப்பான் கிருமியைச் செலுத்தினார்கள். ஜூன் 2-ம் தேதி விவசாயிகளும் பத்திரிகைக்காரர்களும் அதிகாரிகளும் வந்து பார்த்தபோது ஊசி போடாத ஆடுகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. மிச்சமிருந்த ஒன்றிரண்டும் கூட்டத்தின் கண்முன்னே விழுந்தன.

நுண்ணுயிரியல் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. பாஸ்டர் அன்று பயன்படுத்தியது தன் முறையில் செய்த தடுப்பூசியை இல்லை, உதவியாளர் ஷாம்பர்லான் வேறு முறையில் தயாரித்ததை என்பது, அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளை ஜெரால்ட் கெய்சன் படித்து 1995-ல் எழுதிய பிறகு எல்லோருக்கும் தெரியவந்தது. எனக்கு இந்தக் கதையில் தட்டுப்பட்டது வேறொரு சின்னச் செய்தி. ஊசி போட்ட செம்மறிகளிலும் ஒன்று செத்தது. அது சினை ஆடு. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் குட்டி ஏற்கெனவே செத்திருந்தது. ஆகவே அந்தச் சாவு தடுப்பூசியின் கணக்கில் வராது, சினையின் கணக்கில் வரும் என்று முடிவு செய்தார்கள். அது மருத்துவ ரீதியில் சரியாகவே இருக்கலாம். ஆனாலும், உலகம் பார்க்க நடந்த முதல் தடுப்பூசிச் சோதனையிலேயே சினை என்பது கணக்கைக் குழப்பும் விஷயமாக, ஒதுக்கிவைக்க வேண்டிய விதிவிலக்காக வந்து நிற்கிறது. கன்று வீச்சு நோயில் இது தலைகீழாகும். அங்கே சினைதான் சோதனைக்களம்.

அந்தக் கிருமியின் கதை மத்தியதரைக் கடலில் மால்டா தீவில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அங்கே மாதக்கணக்கில் காய்ச்சல் வரும். விடும், திரும்ப வரும். 1887-ல் டேவிட் புரூஸ் செத்துப்போன சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து கிருமியை வளர்த்தெடுத்தார். "எடுத்தார்" என்று ஒருமையில் எழுதுவதுதான் வழக்கம். கூடவே இருந்தவர் மேரி எலிசபெத் ஸ்டீல், 1883-ல் அவரை மணந்தவர். பெர்லினில் கோஹின் ஆய்வகத்துக்குக் கணவரோடு போய் நுண்ணோக்கி வேலை, சாயமேற்றுதல், கிருமி வளர்த்தல் எல்லாம் கற்றுக்கொண்டார். மால்டாவிலும் பிறகு ஆப்பிரிக்காவிலும் அவருடைய ஆய்வகத் துணை மேரிதான். நுண்ணோக்கியில் கண்டதைப் படமாக வரைந்ததும் அவர்தான். சம்பளம் கிடையாது. 1931 நவம்பரில் மேரி இறந்தார். நான்கு நாள் கழித்து, அவருடைய இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில் டேவிட் புரூஸும் இறந்தார். தன் வேலையைப் பற்றி யாராவது எழுதினால் மனைவியின் பங்கையும் எழுத வேண்டும் என்று அவர் கடைசியில் கேட்டுக்கொண்டதாக அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. நல்ல மனிதர். கேட்கிற இடத்தில் கேட்டிருந்தால் கிருமிக்குப் பெயர் வைத்தபோது இரண்டு பேரும் இருந்திருப்பார்கள்.

மால்டாவில் நோய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வந்த குழு, சோதனைக்காக வெள்ளாடுகளை வாங்கியது. 1905-ல் தெமிஸ்டோக்கிள்ஸ் சாமித் என்ற மால்டிய மருத்துவர் அவற்றின் ரத்தத்தைப் பார்த்தபோது, கிருமியைச் செலுத்துவதற்கு முன்பே பல ஆடுகளுக்குத் தொற்று இருந்தது. ஆடுகள் ஆரோக்கியமாகத்தான் இருந்தன. அவற்றின் பால் வழியாகக் கிருமி போய்க்கொண்டிருந்தது. படைமுகாமில் ஆட்டுப்பாலை நிறுத்தியதும் சிப்பாய்களின் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. தீவின் மக்கள் அதே பாலைக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த ஆடுகளைக் கறந்தவர்கள் யார் என்று எந்த அறிக்கையும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை.

இதற்கிடையே 1897-ல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் கன்று வீசிய பசுவின் கருப்பையிலிருந்து வேறொரு கிருமியை எடுத்தார். அதை நல்ல சினைப்பசுவுக்குச் செலுத்தினால் அதுவும் கன்றை வீசுகிறது என்று காட்டினார். மால்டாக் காய்ச்சல் மனிதருக்கு, ஆட்டிலிருந்து. பாங் நோய் மாட்டுக்கு, மாட்டிலிருந்து. இரண்டும் வேறு வேறு என்று இருபது வருடம் உலகம் நம்பியது.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஆலிஸ் எவன்ஸ். 1881-ல் பென்சில்வேனியாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதுகலைப் பட்டம் வாங்கியவர், முனைவர் பட்டம் இல்லை. 1910-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பால்வளப் பிரிவில் சேர்ந்தார். 1913-ல் வாஷிங்டனுக்கு மாற்றலாகி வருவது ஒரு பெண் விஞ்ஞானி என்று தெரிந்தபோது அங்கிருந்த அதிகாரிகள் நாற்காலியிலிருந்து விழாத குறை என்று பிறகு அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். ஆட்டுக் கிருமியையும் மாட்டுக் கிருமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். வளர்ச்சியில், வினைகளில், சினையாக இருந்த கினிப்பன்றிகளுக்குச் செலுத்தியபோது நடந்ததில், இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் கன்று வீசும் மாட்டின் பச்சைப்பாலும் மனிதருக்கு ஆபத்து. 1917-ல் கூட்டத்தில் சொன்னார், 1918-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

நம்பவில்லை. இவ்வளவு நெருக்கமான ஒற்றுமை இருந்திருந்தால் வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்களே என்பதுதான் வாதம். வேறு யாராவது என்றால் ஓர் ஆண், ஒரு மருத்துவர். அன்றைய அமெரிக்காவின் பெரிய நுண்ணுயிரியலாளர் தியோபால்ட் ஸ்மித் கடைசிவரை இழுத்தடித்தார். பால் வியாபாரிகளுக்கும் பிடிக்கவில்லை. 1920-ல் கார்ல் மேயரின் ஆய்வகம் சோதித்து எவன்ஸ் சொன்னது சரி என்றது. 1922-ல் எவன்ஸுக்கே ஆய்வகத்தில் அந்தத் தொற்று வந்தது. அதன் பிறகு ஏறத்தாழ இருபது வருடம் காய்ச்சல் வந்து போய்க்கொண்டே இருந்தது. மருத்துவர்கள் சொன்ன பெயர் நரம்புத் தளர்ச்சி. அதாவது ஒன்றுமில்லை, கற்பனை. பின்னால் ஓர் அறுவைச் சிகிச்சையின்போது உடலுக்குள் இருந்த புண்களிலிருந்து அந்தக் கிருமியையே வளர்த்தெடுக்க முடிந்தது. 1928-ல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1934-ல் நாள்பட்ட புருசெல்லோசிஸ் பற்றிக் கட்டுரை எழுதினார். காய்ச்சலைச் சொல்லியும் நம்பப்படாமல் திரும்பியவர்களுக்காக, அதே நிலையில் இருந்தவர் எழுதியது அது.

தடுப்பூசியின் கதை இதே காலத்தில்தான். 1923-ல் ஜான் பக் என்ற வேளாண்மைத் துறை ஆய்வாளர் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்தார். அந்தக் குப்பி ஆய்வகத்தில் வெளியிலேயே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்துவிட்டது. எடுத்துப் பார்த்தபோது கிருமி உயிரோடு இருந்தது, வீரியம் போயிருந்தது. அதுதான் எஸ்19. நூறு வருடம் கழித்தும் உலகம் முழுக்க மாடுகளுக்குப் போடும் ஊசி. எங்கள் ஊரில் இன்று கட்டியிருப்பதில் பெரும்பகுதி ஜெர்சிக் கலப்பு. அமெரிக்காவில் ஒரு ஜெர்சியின் மடியிலிருந்து வந்த கிருமியை இங்கே அதன் தூரத்துப் பேத்திகளுக்குப் போடுகிறார்கள்.

அதைச் சோதித்த முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பக் 1930-ல் வெளியிட்ட ஆய்வே கன்றுப் பருவத்தில் போடுவதைப் பற்றியது. இது உயிருள்ள கிருமி. சினைமாட்டுக்குப் போட்டால் ஊசியே கன்றை வீச வைத்துவிடலாம். காளைக்குப் போட்டால் விதையில் தங்கிவிடலாம். வளர்ந்த மாட்டுக்குப் போட்டால், பிறகு ரத்தப் பரிசோதனையில் நோய் வந்த மாடு எது, ஊசி போட்ட மாடு எது என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஆகவே பருவத்துக்கு வராத பெண் கன்று.

ஒரு புதுத் தடுப்பூசியைக் கண்டுபிடித்தால் முதலில் சுண்டெலி. அதிலும் வழக்கமாகப் பெட்டை. ஊசி போட்டு, சில வாரம் கழித்து வீரியமான கிருமியைச் செலுத்தி, மண்ணீரலை எடுத்து அரைத்து, எத்தனை கிருமி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுவார்கள். பிறகு கினிப்பன்றி. கடைசியில்தான் மாடு. அது வருடக்கணக்கில் நீளும் சோதனை. கிடேரிக் கன்றுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒரு கூட்டத்துக்கு ஊசி போடுவார்கள். வளர்ப்பார்கள். பருவம் வந்ததும் சினைப்படுத்துவார்கள். சினை பாதியைத் தாண்டும் ஐந்தாறு மாதத்தில் இரண்டு கூட்டத்தின் கண்ணிலும் வீரியமான கிருமியைச் சொட்டு மருந்து போல விடுவார்கள். அமெரிக்காவில் அதற்கென்று 2308 என்ற வகை இருக்கிறது, ஐரோப்பாவில் 544. பிறகு காத்திருப்பார்கள். எத்தனை கன்று வீசுகின்றன, எத்தனை முழுமாதம் ஈனுகின்றன. வீசிய கன்று, நஞ்சுக்கொடி, பால் எல்லாவற்றிலும் கிருமி தேடுவார்கள். கடைசியில் தாயையும் அறுத்து நிணநீர் முடிச்சுகளில் தேடுவார்கள். ஊசி போடாத கூட்டம் கன்று வீசியே ஆக வேண்டும். வீசாவிட்டால் சோதனை செல்லாது.

விலங்குச் சோதனையை எதிர்த்து எழுத எனக்கு இது இடமில்லை. இந்த ஊசி இல்லாமல் போனால் எங்கள் தெருவில் எத்தனை குடும்பத்தின் சொசைட்டிக் கணக்கு நின்றுபோகும் என்று தெரியும். ஆனால் இந்தச் சோதனையின் நுணுக்கத்தைப் பாருங்கள். ஒரு சினை எந்த மாதத்தில் கலைந்தது, நஞ்சுக்கொடியின் எந்தப் பகுதியில் எவ்வளவு கிருமி, பால் எத்தனை வாரம் கிருமியைக் கொடுத்தது என்று ஒரு பெண்ணுடலின் கர்ப்பம் இவ்வளவு கவனமாக எண்ணப்பட்டிருக்கிறது. இதே கிருமிக்கு முன்னால் நிற்கும் மனுஷியின் கர்ப்பம் எப்போது எண்ணப்பட்டது?

அதற்கு ஒரு பதில் தயாராகவே இருந்தது. 1962-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற இனிப்புப் பொருள் நிறைய இருக்கிறது, கிருமி அதை விரும்பித் தின்று பெருகுகிறது, அதனால்தான் மாடு கன்று வீசுகிறது என்று காட்டினார்கள். அழகான கண்டுபிடிப்பு. மனித நஞ்சுக்கொடியில் அது அப்படி இல்லை. ஆகவே பெண்களுக்கு இந்தக் கிருமியால் தனியாகக் கருச்சிதைவு ஆபத்து இல்லை என்ற எண்ணம் பாடப்புத்தகங்களில் வெகுகாலம் உலவியது. 2001-ல் சவுதி அரேபியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, புருசெல்லோசிஸ் வந்த 92 கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்தது. முதல் ஆறு மாதத்துக்குள் கரு கலைந்தவர்கள் 43 சதவீதம். சீக்கிரமே மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்குக் கரு தங்கியது. பாங் சினைப்பசுவை எண்ணியதற்கும் இதற்கும் இடையே நூறு வருடத்துக்கு மேல் போயிருந்தது. இடையில் சில ஆய்வுகள் வராமல் இல்லை. ஆனால் ஊசியின் வெற்றியை அளக்கும் அளவுகோலாகப் பெண்ணின் கர்ப்பம் எப்போதும் இருந்ததில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். மொரப்பூர், சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில் பாதையில் இருக்கும் ஊர். 1906-ல் இங்கிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. 1941-ல் போர்க்காலத்தில் நிறுத்திவிட்டார்கள். மறுபடி அந்தப் பாதை வேண்டுமென்று எத்தனையோ மனு, போராட்டம். ரயில் வந்த வருடமும் போன வருடமும் ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். மழையை நம்பிய பூமி. மழை பொய்த்தால் ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போவார்கள். மாட்டைப் பார்த்துக்கொண்டு பெண்கள் இருப்பார்கள். தீனி போடுவது, சாணி அள்ளுவது, கறப்பது, சினை ஊசிக்குச் சொல்லியனுப்புவது, ஈனும்போது கூட இருப்பது எல்லாம் பெண் வேலை. பால் பணம் யார் கைக்குப் போகிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

இங்கே கிடேரி பிறந்தால் வீட்டில் சிரிப்பு. காளைக்கன்று பிறந்தால் அதைச் சீக்கிரம் விற்றுவிடுவார்கள். மனுஷக் குழந்தையில் அப்படியே மாறும் என்று நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்ததற்குக் காரணம் இருந்தது. "மாடா பொறந்திருந்தா பொட்டையா இருந்ததுக்குப் பூசை போட்டிருப்பாங்க" என்பது கட்டுரைக்காக நான் செய்த ஒப்பீடு இல்லை. எங்கள் ஆயா சாதாரணமாகச் சொல்வது.

2019 செப்டம்பர் 11-ல் மதுராவில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. நாடு முழுக்க வருடத்துக்கு 3.6 கோடிக் கிடேரிக் கன்றுகள். நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள், ஆயுளுக்கு ஒரு முறை எஸ்19. ஊசி போட்ட கன்றின் காதில் 12 இலக்க எண்ணோடு ஒரு வில்லை. அந்த எண்ணைப் போட்டால் அதன் ஊசி, சினை, ஈத்து எல்லாம் கணினியில் வரும்.

எங்கள் பக்கத்தில் முகாம் நடந்தபோது நானும் போயிருந்தேன். பிள்ளையார் கோயில் முன்னால் கன்றுகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கால்நடை மருத்துவர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஜாக்கிரதையாகத்தான் போட்டார். ஊசி கை தவறிக் குத்தினால் அவருக்கே காய்ச்சல் வரும். அதைக் கவனித்த ஓர் அக்கா கேட்டார்:

"இவ்ளோ பயப்படறீங்களே சார், எங்களுக்கு இந்த ஊசி இல்லீங்களா?"

"மனுசங்களுக்கு இதுக்கு ஊசி கெடயாதும்மா. மாட்டுக்குத் தடுத்துட்டா உங்களுக்கும் தடுத்த மாதிரிதான். கன்னு போடறப்ப கையுறை போட்டுக்குங்க. பால நல்லாக் காச்சிக் குடிங்க."

"கன்னு பாதி வெளிய வந்து நிக்கறப்ப எவ சார் கையுறை தேடறது?"

எல்லோரும் சிரித்தார்கள், மருத்துவரும் சிரித்தார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மனிதருக்குப் பரவலாகப் போடக்கூடிய தடுப்பூசி இன்றுவரை கிடையாது. இந்த முழு ஏற்பாட்டில் பெண்ணுக்கான பாதுகாப்பு கன்றின் வழியாகத்தான் வருகிறது. கன்று ஊசி போட்டு, வளர்ந்து, பழைய மாடுகள் எல்லாம் போய்ச் சேரும்வரை அவள் கை வெறுங்கைதான்.

அந்த வெறுங்கை என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். நஞ்சுக்கொடி விழவில்லையென்றால் இரவில் மருத்துவர் வரும்வரை காத்திராமல் எடுப்பவர்கள் உண்டு. விழுந்ததை நாய் இழுக்காமல் வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டுவது, அதை ஆலமரத்தில் தொங்கவிட ஆளிடம் கொடுப்பது, தரையைக் கழுவுவது, கன்றின் மூக்கைத் துடைத்துச் சில நேரம் வாயால் ஊதுவது. பால் நிறையச் சுரக்கட்டும் என்று பால்மரத்தில் கட்டுகிற அந்தக் கொடி, கன்று வீசிய மாட்டினுடையதாக இருந்தால், கிருமி மிக அடர்த்தியாக இருக்கும் பொருள்.

என் சின்னம்மாவின் மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது. கொடியைக் கையால் எடுத்தவர் அவர்தான். ஒரு மாதம் கழித்து சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி உடம்பெல்லாம் வியர்வை, இடுப்பைத் தூக்க முடியாது. ஓர் ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள்; குறைந்தது, திரும்ப வந்தது. இன்னோர் இடத்தில் அதே டைபாய்டு. மூன்றாவது இடத்தில், "வீட்ல ஏதாச்சும் கவலையாம்மா? மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றார்களாம். சின்னம்மா வீட்டுக்கு வந்து, "எனக்கு என்ன கண்ணு கவல, மாடு போச்சேன்னுதான் கவல" என்றார். ஐந்து மாதம் இப்படிப் போனது. கடைசியில் படித்து முடித்து வந்த ஓர் இளம் மருத்துவப் பெண் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல மாடு இருக்குங்களா? எதாவது கன்னு வீசுச்சா?" ரத்தத்தை அதற்கென்று அனுப்பினார்கள். டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம். சரியானது. ஆலிஸ் எவன்ஸ் பற்றி நான் படித்தது அதற்கப்புறம்தான். நரம்புத் தளர்ச்சி என்ற இடத்தில் வந்து கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்த இளம் மருத்துவரின் கேள்விக்கு ஒரு ரூபாய் செலவில்லை. அதைக் கேட்பதற்கு மருத்துவக் கல்லூரி ஆய்வகம் தேவையில்லை. மாட்டின் நோயை மாட்டு டாக்டரும் மனுஷியின் நோயை மனுஷ டாக்டரும் பார்ப்பார்கள். நடுவில் தொழுவம் இருக்கிறது, அங்கே இருப்பவளை இரண்டு பேரும் பார்ப்பதில்லை. கால்நடைப் படிப்பில் பெண்கள் வந்ததால் இது மாறுமா என்று யோசித்திருக்கிறேன். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அங்கே படித்து வெளியே வந்த முதல் பெண்களில் ஒருவர் சக்குபாய் ராமச்சந்திரன், 1952-ல். இன்று அந்த வகுப்புகளில் பெண்கள் நிறைய. அவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வர வேண்டும் என்பது என் ஆசை. பெண் என்பதாலேயே வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

சோதனைகள் இன்னும் நடக்கின்றன. எஸ்19-இன் குறைகளைப் போக்க அமெரிக்காவில் ஆர்பி51 என்ற வகை வந்து 1996-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நம் நாட்டில், உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் எஸ்19-இலிருந்து ஒரு மரபணுவை நீக்கிப் புது வகை ஒன்றை உருவாக்கியது. நோய் வந்த மாட்டையும் ஊசி போட்ட மாட்டையும் இதில் பிரித்தறிய முடியும் என்பது அதன் சிறப்பு. 2015-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது: சினையாக இருக்கும் கினிப்பன்றிகளுக்கு இது பாதுகாப்பானது. நல்ல வேலை, முக்கியமான வேலை. வெளியிலிருந்து குப்பி வாங்கும் அவசியத்தைக் குறைக்கும் வேலை. இப்படிப்பட்ட ஊசி நம் தொழுவங்களுக்கு வந்து அதன் பலனைக் களத்தில் அளக்கும்போது, கன்று வீச்சு எத்தனை குறைந்தது என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட முடியும். அந்த வீடுகளில் பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் குறைந்ததா, கரு கலைவது குறைந்ததா? ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பப் பதிவேடும் கால்நடை மருந்தகத்தின் கணினியும் ஒரே ஒன்றியத்தில்தான் இருக்கின்றன.

எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் பெண்கள் சொசைட்டிப் பால் அட்டையின் பின்பக்கத்திலும் பழைய பள்ளி நோட்டிலும் மாட்டுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மாட்டுக்கு எந்தத் தேதியில் சினை ஊசி, எப்போது ஈன வேண்டும், எந்த ஈத்து, கொடி எத்தனை மணிக்கு விழுந்தது. மாடு வீசியிருந்தால் அந்தத் தேதிக்கு மேல் ஒரு கோடு. போன தை மாதத்திலிருந்து அந்த வரியிலேயே இரண்டு விஷயம் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்: யார் கையை விட்டது, அதன் பிறகு அவர்களுக்குக் காய்ச்சல் வந்ததா. ஒரு வீட்டில் எழுதுகிறார்கள். இன்னொரு வீட்டில், "அதையெல்லாம் எதுக்குங்க எழுதிகிட்டு, தெனைக்கும் நாந்தான்" என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் மாட்டுத் தேதிகளுக்கு நடுவே மருமகளுக்கு நாள் தள்ளிப்போன தேதியும் இருந்தது. அதை நான் எழுதச் சொல்லவில்லை. அந்த மாமியார் முன்பிருந்தே எழுதி வருகிறார்.